தொண்ணூற்றாறு நயா பைசா

ஆத்தூர்
9-6-1957

மாப்பிள்ளை கண்ணுசாமி அவர்களுக்கு நல்லுசாமி எழுதுவது.

இதை யாரிடமும் சொல்லி எழுதி வாங்கவில்லை. நானேதான் எழுதுகிறேன். போன மாதம் பரிசத் தேதியைச் சொல்லி ஒரு கார்டு போட்டேனே, அதற்கு அடுத்தது இதுதான். முதியோர் பள்ளி ஞானராஜ் வாத்தியார், "கையை இறுக்காதீங்க பெரியவரே, பேனா எங்கயும் ஓடிப் போயிராது" என்கிறார். ஆனாலும் இறுக்கித்தான் பிடிக்கிறேன். இந்த வயதில் கைக்கு வந்த சாமான், விட மனம் வரவில்லை. ராமுத்தாயிடம் சொல்லுங்கள், இப்போது அவள் பெயரை எழுதியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தங்கச்சியைத் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து கூப்பிடுகிறேன். அவள் பெயர் பார்க்க இப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

சிரிப்பு அதோடு போயிற்று. என் மகன் தங்கமுத்துவுக்கு உங்கள் மகள் கண்ணம்மாளைப் பரிசம் போட வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்த பங்காளிகள் பொழுது சாயும் முன்பே திரும்பிவிட்டார்கள். சாப்பிட்டு வந்த முகம் ஒன்றுகூட இல்லை. கால் வீக்கம் என்று நான் வராமல் இருந்தது பிசகாகிவிட்டது. கேட்டால் ஒருவன் "காசு குறையுதாம்" என்கிறான். இன்னொருவன் "சபையில வச்சு எண்ணிப் பார்த்தாக பெரியப்பா" என்கிறான்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பங்காளிகள் பதினாறு குடியும் குடிக்கு ஓரணா கொடுப்பார்கள். ஒவ்வோர் அணாவையும் ஒரு வாழ்த்து வாக்குச் சொல்லி வெற்றிலையில் வைத்து, எல்லாவற்றையும் மஞ்சள் துணியில் முடிந்து பெண் வீட்டில் கொடுப்போம். கல்யாணம் வரை அது விதைக் குதிரில் இருக்கும். அதை யாரும் எண்ணி நான் பார்த்ததில்லை.

இந்த முறை புதுக்காசாக இருக்கட்டும் என்று சொன்னது நான்தான். சித்திரைக்கு முன்னால் சர்க்கார் விட்டதே, நயா பைசா, அது. பங்காளிகள் கொடுத்த அணாக்களைத் திண்டுக்கல்லில் கொடுத்து மாற்றி, ஒரு வாக்குக்கு ஆறு பைசா வீதம் பதினாறு பொட்டலம் நானே மடித்தேன். ஓரணாவுக்கு ஆறு நயா பைசா. தபாலாபீஸ் சுவரில் அட்டவணை ஒட்டியிருக்கிறது. எழுத்துக்கூட்டி நானே படித்தேன். இதில் என்ன குறை கண்டீர்கள் என்று மறைக்காமல் எழுதுங்கள்.

நல்லுசாமி


குஜிலியம்பாறை
14-6-1957

மச்சான் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. எழுத்து பெரிது பெரிதாக இருக்கிறது, படிக்கக் கஷ்டமில்லை. நான் ஐந்தாவது வரை படித்தவன். கணக்கும் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன்.

பதினாறு அணா ஒரு ரூபாய். ஒரு ரூபாய்க்கு நூறு நயா பைசா. இதுவும் அதே அட்டவணையில்தான் போட்டிருக்கிறது, கொஞ்சம் கீழே. அதுவரைக்கும் படித்தீர்களா? முடிச்சை என் தம்பி எண்ணியபோது தொண்ணூற்றாறுதான் இருந்தது. உங்கள் பங்காளிகள் முழு அணா கொடுத்தார்கள். நீங்கள் மாற்றும்போது நூறு வாங்கியிருப்பீர்கள். அந்த நாலு பைசா எங்கே?

நாலு பைசாவை வைத்து நான் மச்சு வீடு கட்டப் போவதில்லை. ஆனால் ஒவ்வொரு பொட்டலத்திலும் கால் பைசா குறைகிறது. "ஒரு வாக்கு குறைஞ்சாலும் பரவால்ல. பதினாறும்ல நொண்டி வாக்காப் போச்சு" என்று என் தம்பி எல்லோருக்கும் கேட்கிறாற்போல் சொன்னான். என்னால் தலை நிமிர முடியவில்லை.

பழைய அணா இன்னும் செல்லுகிறது. கடையில் வாங்குகிறார்கள், பஸ்ஸில் வாங்குகிறார்கள். உங்கள் மூத்த பையன்கள் கல்யாணத்துக்கெல்லாம் அணாதான் வைத்தீர்கள். என் மகளுக்கு வரும்போது மட்டும் ஏன் மாற்றினீர்கள்? இந்த வருஷம் பார்த்து ஏன் மாற்றினீர்கள்?

உங்கள் தங்கை என்னோடு பேசுவதில்லை. "எங்கண்ணே காசுக்கு ஆசப்படுற ஆளா" என்று அடுப்பிடம் கேட்கிறாள். அடுப்பு பதில் சொல்லவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

முடிச்சைக் குதிரில் வைக்கவில்லை. பரணில் போட்டிருக்கிறேன்.

கண்ணுசாமி


ஆத்தூர்
22-6-1957

மாப்பிள்ளை அவர்களுக்கு,

கேட்டீர்கள் அல்லவா, நாலு பைசாவைக் கண்டுபிடித்துவிட்டேன். முதலில் வாத்தியாரிடம் போனேன்.

"வாத்தியாரே, ஓரணா ஆறுங்குது. பதினாறு அணா நூறுங்குது. ரெண்டுல எது பொய்?"

"ரெண்டும் நிசந்தான் பெரியவரே. ஓரணாவுக்கு ஆறேகால் பைசா. கால் பைசாவுக்குச் சர்க்கார் காசு அடிக்கல. அதனால ஆறுன்னு போட்டாச்சு."

"அந்தக் கால் யாருக்குப் போகுது?"

"கொடுக்கிறவனுக்கு மிச்சம்."

அவர் சொன்னதை நம்பி டீக்கடைக்குப் போனேன். ஓரணா டீக்கு ஏழு பைசா கேட்டான். "அட்டவணையில ஆறுன்னுதானே இருக்கு?" என்றேன். "அது சர்க்கார் அட்டவணை, இது என் கடை" என்றான். அதே கடைக்காரன் கீரைக்காரியிடம் ஓரணாக் கீரை வாங்கி ஆறு பைசா கொடுத்தான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எழுத்துத் தெரியாத காலத்தில் என் தலையிலும் எத்தனை பேர் இப்படிக் கை வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். வீடு வந்து சேரும்வரை எதிரில் வந்த ஒருவரையும் நம்ப முடியவில்லை.

இப்போது உங்கள் நாலு பைசா. நீங்கள் சொல்வது சரி, நூறுதான் வாங்கினேன். ஆறு ஆறாக மடித்து முடித்தபோது நாலு மிஞ்சியது. அட்டவணைப்படி மடித்தேன், மிஞ்சியது யாருக்கும் சேர்ந்ததில்லை என்று நினைத்தேன். கார்டு ஐந்து பைசா. அந்த நாலோடு என் பையிலிருந்து ஒன்றைப் போட்டு ஒரு கார்டு வாங்கினேன். பரிசத் தேதியைச் சொல்லி உங்களுக்கு வந்ததே, அந்தக் கார்டுதான். பிறந்து வளர்ந்து என் கையால் எழுதிய முதல் கடுதாசி. உங்களுக்குத்தான் போட்டேன். நாலு பைசாவை ஆள் மூலம் அனுப்பிவிடுகிறேன்.

நீங்கள் ஒன்று கேட்டீர்கள், நானும் ஒன்று கேட்கிறேன். பரிச முடிச்சை அவிழ்க்கும் வழக்கம் நம்மில் இல்லை. அவிழ்க்கச் சொன்னது யார்? திண்டுக்கல் மில்லில் வேலை பார்க்கும் ஒரு பையனின் தகப்பனார் சித்திரையில் உங்கள் வீட்டில் உட்கார்ந்து மோர் குடித்ததாக இங்கே பேச்சு. மாதச் சம்பளக்காரப் பையனாம்.

நல்லுசாமி


குஜிலியம்பாறை
30-6-1957

மச்சான் அவர்களுக்கு,

நாலு பைசாவை அனுப்ப வேண்டாம். வந்தால் திருப்பி அனுப்புவேன்.

என் மகளுக்குச் சேர வேண்டியதில் கார்டு வாங்கி எனக்கே எழுதியிருக்கிறீர்கள். இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகு நம்ப மாட்டார்கள். நானும் பாதிதான் நம்புகிறேன்.

மில்காரப் பையனின் தகப்பன் வந்தது கடலைக்கு விலை பேச. செடியைப் பார்த்துவிட்டுப் பேசாமலே போய்விட்டான். அவன் குடித்தது மோர் இல்லை, தண்ணீர். உங்களுக்குச் செய்தி சொல்கிறவனைச் சரியாகப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

எனக்கும் செய்தி வருகிறது. நிலக்கோட்டைப் பூ வியாபாரி ஒருவர் வில்வண்டி கட்டிக்கொண்டு உங்கள் வாசலில் வந்து இறங்கினாராம். அவருக்குக் கல்யாண வயதில் ஒரு பெண் இருக்கிறதாம். வாய்க்கால் பாயும் வீடு வாய்க்கால் பாயும் வீட்டைத்தான் தேடும். நாங்கள் வானம் பார்த்த பூமிக்காரர்கள். பேசிய பெண்ணை வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் உங்கள் தங்கையே உங்கள் முகத்தில் விழிக்க மாட்டாள். பெண்ணைப் பெற்றவன் வாயிலிருந்தே வேண்டாம் என்று வந்துவிட்டால் உங்கள் கை சுத்தம். அதற்கு நாலு பைசா போதும். மலிவான யோசனை.

கண்ணுசாமி


ஆத்தூர்
10-7-1957

மாப்பிள்ளை அவர்களுக்கு,

பூ வியாபாரி மல்லிகைக்கு முன்பணம் கொடுக்க வந்தார். அவருடைய மகள் கைக்குழந்தையோடு பேரையூரில் இருக்கிறாள். வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தைப் பங்காளிகள் கூட்டத்தில் நானே படித்தேன். படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அதை ஒளிக்கவில்லை. குறைந்த நாலு பைசாவை நாமே சேர்த்து முறையாக நூறாக்கி வைப்போம் என்றேன். அங்கேதான் வினை. பன்னிரண்டு குடி ஆறு, நாலு குடி ஏழு போட்டால் நூறு வரும்.

"ஏழு போடுறது யாரு?"

"பெரிய குடும்பம் போடட்டும்."

"நாங்க பெரிய குடும்பம்னு வயலுக்குத் தண்ணி விடும்போது நெனப்பு வரலையே. காசு போடும்போதுதான் வருதாக்கும்?"

"ஏழு போட்டவன் வாக்கு ஒசத்தி, ஆறு போட்டவன் வாக்கு மட்டமா?"

இப்படியே போய், கடைசியில் என் தம்பி மகன் எழுந்தான். "அதெல்லாம் இருக்கட்டும். நாங்க குடுத்தது முழு அணா. அதுல மிஞ்சுன காசுல பெரியப்பா கார்டு வாங்கியிருக்காரு. எங்கள ஒரு வார்த்த கேட்டாரா?" என்றான். யாரும் அவனை உட்காரச் சொல்லவில்லை. பதினெட்டு வருஷமாக எங்கள் குலக்கோயில் உண்டியல் சாவி என் இடுப்பில் இருந்தது. அன்றைக்கு வாங்கிவிட்டார்கள். தங்கமுத்து அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் திண்டுக்கல் போனேன். தோல் வியாபாரி அப்துல் சுக்கூரைப் பார்த்தேன். உங்கள் பக்கத்துச் சந்தைக்கெல்லாம் போகிறவர். "அண்ணே, உங்க மச்சான் பங்குனியிலயே மாட்டையெல்லாம் வித்துட்டாரே, தெரியாதா?" என்றார். காளை இரண்டும், பசுவும். எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளை, எனக்கு ஏன் சொல்லவில்லை? ராமுத்தாய்கூட ஏன் சொல்லவில்லை? இப்போது எனக்கு ஒரு சந்தேகம். மழை இல்லை, மாடு இல்லை, கல்யாணச் செலவுக்கு வழி இல்லை. அதைச் சொல்ல மனமில்லாமல்தானே என் நாலு பைசாவைப் பிடித்துக்கொண்டீர்கள்? அப்படியானால் கல்யாணத்தை ஆத்தூரில் வைப்போம். செலவு என்னுடையது.

நல்லுசாமி


குஜிலியம்பாறை
14-7-1957

மச்சான் அவர்களுக்கு,

ஆக, உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பரிசத்தன்று உங்கள் பங்காளி ஒருவன் "மாடு கன்னு பெருகணும்" என்று வாக்குச் சொல்லி வெற்றிலையில் பொட்டலத்தை வைத்தான். வைத்துவிட்டு என் தொழுவத்தைத் திரும்பிப் பார்த்தான். அங்கே கயிறுகூட இல்லை. அவன் பார்த்ததை என் தம்பி பார்த்தான். அதனால்தான், காசிலும் இளக்காரம் இருக்குமோ என்று முடிச்சை அவிழ்க்கச் சொன்னான். அவிழ்த்தால் காசு குறைகிறது. இல்லாதவன் வீட்டுக்கு இம்புட்டுப் போதும் என்று எண்ணி வைத்தது என்று சபையே நினைத்தது. நானும் நினைத்தேன். தெரியாமல் நடந்திருக்கும் என்று உங்கள் தங்கை சொன்னதால் இத்தனை நாள் பொறுத்திருந்தேன். இப்போது தோல் வியாபாரி சொன்னதாக நீங்களே எழுதுகிறீர்கள். ஜூலையில் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். மேயில் நீங்கள் பொட்டலம் மடித்தபோது யார் சொன்னார்களோ?

ஆத்தூரில் வைத்து உங்கள் செலவில் கல்யாணம் செய்துகொள்ளும் நிலைக்கு நான் வரவில்லை. வந்தாலும் உங்களிடம் வரமாட்டேன்.

இந்தச் சம்பந்தம் வேண்டாம். முடிச்சைத் திருப்பி அனுப்புகிறேன்.

கண்ணுசாமி


ஆத்தூர்
22-7-1957

மாப்பிள்ளை அவர்களுக்கு,

இதை எழுத ஆரம்பித்துப் பலமுறை கிழித்துவிட்டேன். வாத்தியாரிடம் காட்டலாம் என்று நினைத்தேன். இது காட்டுகிற கடிதமில்லை.

நீங்கள் மாடு விற்றது எனக்கு மேயிலும் தெரியாது, பரிசத்தன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் நான் கால் வீக்கத்தோடு வந்திருப்பேன். இதற்கு மேல் இதை நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. நீங்கள் நம்பப் போவதுமில்லை.

ஏன் புதுக்காசு என்று முதல் கடிதத்திலேயே கேட்டீர்கள். நான் பதில் எழுதவில்லை, ஏனென்றால் சின்னப் பிள்ளைத்தனமாகத் தெரியும் என்று கூச்சம். பள்ளியில் ஒருநாள் வாத்தியார், "இன்னும் கொஞ்ச வருஷத்துல அணா செல்லாது, யாரும் வாங்க மாட்டாங்க" என்றார். கண்ணம்மாளுக்கு நாம் வைக்கிற காசு அவள் பிள்ளை காலத்தில் செல்லாக்காசாகிவிடக் கூடாது என்று தோன்றியது. செல்லாத காசில் வாக்குச் சொல்லி என்ன பயன்? புதுக்காசு அவள் கிழவியானாலும் செல்லும். அவ்வளவுதான் நான் யோசித்தது. காலும் அரையும் எனக்குத் தோன்றவில்லை. இப்போதுதானே படிக்கிறேன்.

உங்கள் முடிவை மாற்றச் சொல்லி எழுதவில்லை. பங்காளிகள் மறுபடி கூடினார்கள். முடிச்சு திரும்பி வருகிறது என்றால் முறைப்படி வரட்டும் என்றார்கள். பதினாறு பொட்டலமும் அப்படியே வர வேண்டும். பெண் வீட்டில் அதில் ஒரு காசு செலவாகியிருந்தாலும் சம்பந்தம் முடிந்ததாகத்தான் கணக்கு. அதற்குப் பிறகு நீங்களும் விலக முடியாது, நாங்களும் விலக முடியாது. எங்கள் அப்பா காலத்தில் அப்படி ஒரு வழக்கு நடந்து, பெரியவர்கள் அப்படித்தான் தீர்த்தார்கள். ஆகவே உங்கள் தம்பியை விட்டு எண்ணச் சொல்லிச் சரியாக அனுப்புங்கள். இந்த முறை குறைந்தால் பேச்சு வேறு மாதிரி ஆகிவிடும்.

தங்கமுத்து அதிகாலையில் வாய்க்காலுக்குப் போனால் இருட்டித்தான் வருகிறான். நேற்று அவன் அம்மாவிடம், "எனக்கு வேற எங்கயும் பாக்க வேணாம்னு அய்யாகிட்டச் சொல்லிரு" என்றானாம். உங்களுக்கு இது வேண்டாத செய்தி. ஆனாலும் எழுதிவிட்டேன்.

நல்லுசாமி


குஜிலியம்பாறை
4-8-1957

மச்சான் அவர்களுக்கு,

முடிச்சு வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

நேற்றுப் பரணிலிருந்து எடுத்தேன். தம்பி எண்ணினான். பதினைந்து பொட்டலம்தான் இருந்தது. திரும்ப எண்ணினான். பிறகு நான் எண்ணினேன். முதலில் உங்கள் தங்கை மேல்தான் சந்தேகப்பட்டேன். "நான் பரண்ல ஏறி எத்தன வருசமாச்சு, என் முட்டியக் கேளு" என்றாள். தம்பி மேல் சந்தேகம் வந்தது. அவன் சட்டையைக் கழற்றி உதறிக் காட்டினான். பரிசத்தன்றே நீங்கள் பதினைந்துதான் வைத்திருப்பீர்களோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

கண்ணம்மாள் முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"நாந்தான் எடுத்தேன் அய்யா."

"எதுக்கு?"

"உப்பு வாங்க."

"எந்த உப்பு?"

"நேத்துக் கூழ்ல போட்டது. ருசியா இருக்குன்னு ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிக் குடிச்சீகள்ல."

"அந்தக் காசத் தொட்டா என்ன அர்த்தம்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரிஞ்சுதான் வாங்கினேன். மாமா எழுதுனத நீங்க சத்தம் போட்டுத்தானே படிச்சீக."

தம்பி எழுந்து வெளியே போய்விட்டான். உங்கள் தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை. வேறு காசு போட்டு அந்தப் பொட்டலத்தை மடித்து வைத்துவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அந்தக் கூழை நான் குடித்திருக்கிறேன்.

கடைக்காரர் ஓரணா உப்புக்கு ஏழு பைசா கேட்டாராம். அட்டவணையில் ஆறுதான் என்று சொல்லி ஆறுக்கு மேல் கொடுக்காமல் நின்று வாங்கி வந்திருக்கிறாள். உங்கள் கடிதங்களைக் கேட்டுக் கேட்டுத் தேறியிருக்கிறாள். உங்கள் வீட்டுக்கு வரப்போவது இப்படிப்பட்ட பெண். யோசித்துக்கொள்ளுங்கள் என்று எழுத நினைத்தேன். இனி நீங்கள் யோசித்தும் பயனில்லை, நானும் யோசித்துப் பயனில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் எனக்குத் தீரவில்லை. ஒரு காசு செலவானாலும் சம்பந்தம் முடிந்த கணக்கு என்று எழுதினீர்களே. உங்கள் அப்பா காலத்தில் நடந்த வழக்கு என்றீர்கள். உங்கள் தங்கையைக் கேட்டேன். அப்படி ஒன்றைத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்கிறாள். கேட்டும் இருக்கலாம், மறந்தும் இருக்கலாம் என்று பிறகு மாற்றிச் சொல்கிறாள். அந்த வரியை நீங்கள் எனக்கு எழுதினீர்களா, சத்தம் போட்டுப் படிப்பேன் என்று தெரிந்து அவளுக்கு எழுதினீர்களா? இதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம். எழுதினாலும் நான் நம்ப மாட்டேன்.

ஆவணியில் நாள் பாருங்கள். கல்யாணம் என் வீட்டில்தான், என் செலவில்தான். கம்மஞ்சோறும் பருப்புக் குழம்பும் ஒரு வெஞ்சனமும் போடுவேன். நெல்லுச்சோறு இல்லை என்று முன்கூட்டியே உங்கள் பங்காளிகளிடம் சொல்லிவிடுங்கள். பதினாறு பேரும் வரட்டும், தொழுவத்தைப் பார்த்தவனும் வரட்டும்.

தொழுவத்தைக் கூட்டிச் சாணம் தெளிக்கச் சொல்லியிருக்கிறேன். சாணம் பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறோம். பந்திப் பாயை அங்கேதான் விரிக்க வேண்டும். இத்தனை பேரை உட்கார வைக்க வீட்டில் அதைவிடப் பெரிய இடம் இல்லை.

கண்ணுசாமி